அறுத்துத் தைத்த வயிறும் தூக்கும் பளுவும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘உடல் வளம்’ என்பது. பொதுவாக நாலு வார்த்தை பேசிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். நேற்று மாலை, நம் மாணவர் இல்லத்தில் தங்கியிருக்கும் ஒரு தம்பி என்னைத் தனியே அழைத்துச் சென்று, சட்டையை உயர்த்தித் தம் வயிற்றைக் காட்டினார். மார்புக் குழிக்குக் கீழே தொடங்கி, தொப்புளைச் சுற்றிக்கொண்டு அடிவயிறு வரை இறங்கிய தழும்பு. டைபாய்டு காய்ச்சலில் சிறுகுடல் ஓட்டையாகி, அப்பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். மூன்று மாதங்கள் ஆகின்றன. காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர் அவர். “ஐயா, நான் மறுபடியும் பளு தூக்கலாமா? கயிறு ஏறலாமா?” என்று கேட்டார். அவருடைய ஒப்புதலோடு, அவருக்குரிய விடையை உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் கேட்கக் காரணம் உண்டு. என் வயிற்றிலும் அதே தழும்பு இருக்கிறது. அதே இடத்தில் இருமுறை அறுக்கப்பட்டது.

1994-ஆம் ஆண்டில் நான் 70 கிலோ பிரிவில் பளு தூக்கிக்கொண்டிருந்தேன். கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 110 கிலோ தூக்குவேன். டைபாய்டு வந்து மூன்றாவது வாரத்தில் ஒரு நள்ளிரவில் வயிறு பலகை போல் இறுகிற்று. விடிவதற்குள் அறுவை முடிந்தது. அந்தக் காய்ச்சலில் குடல் ஓட்டையாவது பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில்தான் என்பதைப் பின்னாளில் அறிந்தேன். வீடு திரும்பியபோது என் எடை 56 கிலோ. கையில் கொடுத்த சீட்டில், ‘கனமான வேலை கூடாது’ என்று ஒரு வரி எழுதியிருந்தது.

தோழர்களே, அந்த ஒரு வரிதான் என்னை ஏமாற்றியது. கனம் என்றால் எவ்வளவு? மேசையில் எழுதுகின்ற ஒருவருக்கு ஒரு வாளித் தண்ணீர் கனம். மண்டியில் மூட்டை தூக்கிய என் தந்தைக்கு 100 கிலோ மூட்டைதான் கனம். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அவருக்குப் ‘பொடிச் சுமை’. நானும் அந்த அளவுகோலோடு வளர்ந்தவன். 60 கிலோ எனக்குக் கனமில்லை என்று நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டு, ஆறாவது வாரத்தில் பயிற்சிக் கூடத்திற்குள் நுழைந்தேன். எத்தனை கிலோ, எத்தனை நாள் என்று நான் மருத்துவரைக் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு முன் கைகட்டி நின்று, தலையாட்டிவிட்டு வருவதே நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது.

நான்காம் மாதம் இருமும்போது தொப்புளுக்கு மேல் எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு எழுந்தது. கையால் அழுத்தினால் உள்ளே போயிற்று. தைத்த இடம் உள்ளே விட்டுப்போய், குடல் அதன் வழியே பிதுங்கியது. குடலிறக்கம் என்று இதைத்தான் சொல்கிறோம். மறுபடி அறுத்து, வலை வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த ஒரு வேலைக்கான தேர்வும் அந்த ஆண்டோடு என்னைக் கடந்து சென்றது.

நடந்தது என்னவென்று விளக்குகிறேன். நம் கண்ணுக்குத் தெரிவது மேல்தோல். அது இரண்டு வாரத்தில் கூடிவிடுகிறது. குடலைத் தைத்த இடமும் சில வாரங்களில் உறுதிப்படுகிறது. ஆனால் வயிற்றின் நடுவே, இருபுறத் தசைகளையும் இணைக்கின்ற வெண்ணிறப் பட்டை ஒன்று உண்டு. சுமை முழுவதையும் தாங்குவது அது. அறுபட்ட திசு, மூன்றாவது வாரத்தில் தன் பழைய வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே பெற்றிருக்கும். ஆறாவது வாரத்தில் ஏறக்குறையப் பாதி. மாதங்கள் பல கடந்தாலும் எண்பது விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. நான் 60 கிலோவை எடுத்தது அந்தப் பாதி வலிமையின் மேல். போதாததற்குப் பளு தூக்குவோர் மூச்சை அடக்கி முக்குவார்கள். அப்போது வயிற்றினுள் அழுத்தம் பன்மடங்கு ஏறி, தையலை உள்ளிருந்து தள்ளுகிறது.

இரண்டாம் முறை நான் வேறு ஆளாகச் சென்றேன். ஒரு தாளை நீட்டி, “எத்தனை கிலோ, எந்தத் தேதி வரை என்று எழுதித் தாருங்கள்” என்று கேட்டேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே எழுதினார்: ஆறு வாரம் வரை 5 கிலோ. இங்கே தாய்மார்கள் கவனிக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீர் ஏறக்குறைய 15 கிலோ. அறுவை செய்துகொண்ட பெண் மூன்றாம் வாரமே குழாயடிக்குப் போகிறாள் என்றால், அவள் தூக்குவது அந்த அளவைப் போல் மும்மடங்கு.

அந்த ஆறு வாரமும் சும்மா கிடந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் நாளிலிருந்தே ஆழ்ந்து மூச்சிழுத்து விட்டேன். இரண்டாம் நாள் நடந்தேன். படுக்கையிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துக் கையூன்றி எழுந்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பிறகு நடையைக் கூட்டினேன். மூன்று மாதம் முடிந்து, மருத்துவர் தொட்டுப் பார்த்து இசைந்த பின்னரே வெறும் தண்டை எடுத்தேன். அது மட்டுமே 20 கிலோ. தூக்கும்போது மூச்சை வெளியே விட்டேன். வலியோ புடைப்போ இல்லாத வாரத்தில் சிறிது கூட்டினேன். ஐயம் எழுந்த வாரத்தில் குறைத்தேன். எனக்குக் கீழே பழகிய சிறுவர்கள் என்னைவிட அதிகம் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான், உண்மையைச் சொன்னால், கடினமான பயிற்சி. ஓராண்டு கழித்து 95 கிலோ தூக்கினேன். 110 திரும்பவில்லை. வலை வைத்த வயிறு என்பதால் அதற்குமேல் முயலவும் இல்லை.

சிலருக்குக் குடலின் முனையை வயிற்றின் மேல் வெளியே கொண்டுவந்து பை பொருத்துவார்கள். அதை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் முடங்குவோர் நம்மிடையே உண்டு. அமெரிக்க வீராங்கனை பேப் டிட்ரிக்சன் 1932 ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்றவர். 1953-இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அறுவை செய்து, அவருக்குப் பை பொருத்தினார்கள். மறு ஆண்டே அந்நாட்டு மகளிர் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் 12 அடி வித்தியாசத்தில் வென்றார். 1956-இல் நோய் திரும்பி வந்து அவர் மறைந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பை இருப்பவர் பளுவில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். குடல்வாயைச் சுற்றியும் குடலிறக்கம் வரும். சிறுகுடலில் பை வைத்தவர் வியர்க்கப் பயிற்சி செய்துவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் உடலின் உப்புக் குறைந்து சோர்ந்து விழுவார். உப்புச் சர்க்கரைக் கரைசல் அவருக்கு அவசியம்.

உணவைப் பற்றி ஒரு சொல். புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, கருவாடு, நம் வீடுகளில் சமைக்கும் மாட்டிறைச்சி எல்லாம் நல்லவை. மாட்டிறைச்சியில் புரதத்தோடு இரும்புச் சத்தும் பி-12 வைட்டமினும் உண்டு. மருத்துவர் கேட்டால் உண்பதைக் குரல் தாழ்த்தாமல் சொல்லுங்கள். சிறுகுடலின் கடைப் பகுதியை இழந்தவர்க்கு பி-12 உணவிலிருந்து சரிவர ஏறாது. அவர் ஊசி போட்டுக்கொள்ள நேரலாம். இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி அத்தம்பிக்கு வருகிறேன். தம்பி, 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடும் பயிற்சிக்கு நீங்கள் நடையிலிருந்து மெல்ல ஏறிச் செல்லலாம். கயிறு ஏறுவது வேறு. முழு உடலையும் வயிற்றை இறுக்கி மேலே இழுக்கின்ற வேலை அது. இந்த முறை வேண்டாம். உமக்கு வயது 21. அண்மைய அறிவிக்கைகளில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பட்டியல் வகுப்பினரின் வயது வரம்பு 31 என்று இருந்தது. நம் முன்னோர் போராடிப் பெற்ற சலுகை அது. அதை உம்முடைய வயிறு ஆறுவதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆனால் மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவருக்கு நான் இப்படிச் சொல்ல முடியாது. மூன்று மாதம் பொறுங்கள் என்றால், “அதுவரை சோறு யார் போடுவார்?” என்று கேட்பார். ஓர் ஆண் கைச்சுமையாகத் தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1967-இலேயே பரிந்துரைத்தது. அது உடல் நலத்தோடு இருப்பவர்க்குச் சொன்னது. வயிறு தைத்தவர்க்கு அன்று. ஆகவே சங்கத்தின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வெள்ளி விழா நிதியில் கட்டடத்திற்கு ஒதுக்கியது போக எஞ்சுவதில், வயிற்று அறுவை செய்துகொண்ட உறுப்பினர் குடும்பத்திற்கு மூன்று மாத அரிசியும் ஒரு சிறு தொகையும் வழங்க வழி செய்யுங்கள். அதன் தொடக்கமாக என் ஒரு மாத ஓய்வூதியத்தை இப்போதே பொருளாளரிடம் தருகிறேன்.

தம்பி, நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்திற்கு வாருங்கள். முதலில் நடப்போம்.