மகிழ்ச்சியும் வருத்தமும்



ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் நிகழும் ஒரு காட்சி. கோடை விடுமுறை தொடங்கி, புது தில்லி நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்திருந்தோம். அப்போது என் மகளுக்கு ஆறு வயது. கும்பகோணத்துப் பாட்டியைக் காணப் போகிறோமென்று ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள், வண்டி நகர்ந்ததும் விம்மி அழத் தொடங்கினாள். அடுத்த வீட்டுப் பஞ்சாபிச் சிறுமியைப் பிரிந்து எப்படி இருப்பது என்ற கவலை. "பாட்டியிடம் போகும்போது யாராவது அழுவார்களா? பாட்டி கேட்டால் வருத்தப்படமாட்டாளா?" என்றேன். அழுகை உடனே நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். விளக்குகளை அணைத்த பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அப்பா, நான் அழுததைப் பாட்டியிடம் சொல்லிவிடுவாயா?"

வருத்தம் போகவில்லை. அதன்மேல் ஒரு குற்ற உணர்வையும் நான் ஏற்றி வைத்திருந்தேன்.

சூசன் ஹார்ட்டர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் இப்பொருளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1987-இல் அவரும் புடின் என்பவரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஐந்து வயதை ஒட்டிய குழந்தைகள், இரண்டு உணர்ச்சிகள் ஒரே வேளையில் இருக்க முடியும் என்பதையே ஏற்பதில்லை. ஏழு வயதளவில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு உணர்ச்சிகள் சேர்ந்திருக்கலாம் என்று ஒப்புகின்றனர். ஒரே ஆளிடத்திலேயே அன்பும் கோபமும் ஒருங்கே தோன்றக்கூடும் என்பதைச் சொல்ல, பதினொரு வயதை நெருங்க வேண்டியிருக்கிறது. ஆகவே, புதிதாகப் பிறந்த தம்பியை முத்தமிட்டு அடுத்த நொடியில் கிள்ளும் சிறுவன் வஞ்சகன் அல்லன். அவன் நெஞ்சில் இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்க்கும் திறன்தான் இன்னும் வரவில்லை.

நாமோ அந்தத் திறன் வருமுன்பே, "உண்மையைச் சொல், உனக்குத் தம்பியைப் பிடிக்குமா பிடிக்காதா?" என்று கேட்டு, ஒன்றைக் கைவிடச் செய்கிறோம்.

மொழிபெயர்ப்பு என் தொழில். நாள்தோறும் சொற்களோடு மல்லாடுபவனுக்கு ஒன்று தோன்றுகிறது. "பாட்டியைப் பார்ப்பது மகிழ்ச்சி, ஆனால் தோழியைப் பிரிவது வருத்தம்" என்று சொல்லும்போது, அந்த "ஆனால்" முன்னே சொன்ன மகிழ்ச்சியைப் பாதி அழித்துவிடுகிறது. நம் இலக்கணத்தில் எண்ணும்மை என்று ஒன்று உண்டு. "மகிழ்ச்சியும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது." இதில் எதுவும் எதையும் தள்ளவில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கும் "அம்மாவும் அப்பாவும்" என்று சொல்லத் தெரியும். உணர்ச்சிக்கும் அதே "உம்"மைக் கொடுத்தால் போதும். வீட்டில் நாம் இந்தியில் பேசினாலும், ஆங்கிலத்தில் பேசினாலும், இந்த ஓர் இடத்திலாவது தமிழில் பேசிப் பாருங்கள்.

சொல் எட்டாத இடத்தில் படம் உதவும். ஹார்ட்டர் 1977-இல் எழுதிய ஒரு கட்டுரையில் எளிய முறையொன்றைக் கூறுகிறார். ஒரு வட்டம் வரைந்து கோட்டால் பிரித்து, குழந்தைக்குள் இருக்கும் எதிரெதிரான இரண்டுக்கும் அதில் இடம் கொடுப்பதே அது. இதற்குத் தாளும் பென்சிலும் இருந்தால் போதும். எந்தப் பங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லலாகாது.

இதை நான் அறிந்தது அந்த விடுமுறையின்போதுதான். கும்பகோணத்தில் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்த மகள், சென்னையிலிருந்து தில்லிக்குத் திரும்பும் வண்டியில், மறுநாட்காலை என்னைக் கேட்டாள்: "போகும்போதும் அழுதேன், வரும்போதும் அழுதேன். அப்படியானால் எனக்கு எந்த ஊர் பிடிக்கவில்லை?" இம்முறை நான் சாமர்த்தியம் எதுவும் காட்டவில்லை. ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அவள் ஒரு பாதியில் பாட்டியின் முற்றத்தையும், மறு பாதியில் தோழியின் சைக்கிளையும் வரைந்தாள். இரண்டும் கோட்டைத் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. அதைப்பற்றி அவள் கவலைப்படவில்லை.

பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தானே ஒரு வட்டம் போட்டு, "இது உனக்கு, அப்பா" என்று பென்சிலை என்னிடம் நீட்டினாள். ஊரைவிட்டு வந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோட்டை எங்கே கிழிப்பது என்று தெரியாமல், நாகபுரி வரும்வரையில் அந்தப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.