அட்டையில் இருப்பது எந்தக் குளவி?



ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கரும்பு போட்டிருக்கும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வந்தார். "சார், இடைக்கணுப்புழுவுக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டினேன். அப்படியும் கணுவுக்குக் கணு ஓட்டையா இருக்கே?" என்றார். கழற்றிக் கொண்டுவந்த அட்டையைப் பார்த்தேன். குளவிகள் வெளியேறிய ஓட்டைகள்தான் இருந்தன. உறையில் 'டிரைக்கோகிரம்மா' என்ற சொல் மட்டும். எந்த டிரைக்கோகிரம்மா?

இதில் பல இனங்கள் உண்டு. இடைக்கணுப்புழுவுக்கு 'கைலோனிஸ்' விடுகிறோம். நெல் தண்டுத் துளைப்பானுக்கு 'ஜப்பானிக்கம்'. இரண்டையும் நெல் அந்துப்பூச்சியின் முட்டையில்தான் வளர்க்கிறார்கள். அட்டையில் இரண்டும் ஒரே கறுப்பு முட்டைதான். வெளியே வரும் குளவி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. நிறத்தை வைத்துச் சொல்லலாமென்றால், வெப்பநிலைக்கு ஏற்ப அதுவும் மாறும். வளர்க்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

பெங்களூரில் ஆராய்ச்சி செய்த சுதா நாகர்கட்டி, எச். நாகராஜா இருவரும் 1971-ல் ஒரு வழி காட்டினார்கள். ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இனம் தெரியும். உலகமே அதைப் பின்பற்றியது. ஆனால் ஆண் வேண்டுமே! சில குளவிகளின் உடம்பில் 'வோல்பாக்கியா' என்ற பாக்டீரியா இருக்கும். அது இருந்தால் பெண் குளவி ஆணே இல்லாமல் பெண்ணாகவே பெற்றுத் தள்ளும்.

அங்கேதான் மரபணு அடையாளம் கைகொடுக்கிறது. பருத்தி விதையில் கலப்பு இருந்தால் செடி வளர்ந்து பூத்த பிறகுதானே கண்டுபிடிக்கிறோம்? குளவிக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம். அதன் டி.என்.ஏ.வில் 'ஐ.டி.எஸ்-2' என்று ஒரு பகுதி உண்டு. அதன் நீளமும் எழுத்து வரிசையும் இனத்துக்கு இனம் வேறுபடும். ஒரே ஒரு குளவி போதும், ஆணோ பெண்ணோ. அந்தப் பகுதியைப் பல மடங்கு பெருக்கிப் படித்து இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனத்தில் இத்தகைய வேலை நடக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறிது. வாங்கும்போது இனத்தின் பெயரையும், குளவி வெளிவரும் தேதியையும் கேளுங்கள். கரும்புக்கு நாலாம் மாதம் முதல் 15 நாளுக்கு ஒரு தடவை, ஏக்கருக்கு 1 சி.சி. வீதம் 6 தடவை கட்டுங்கள். அந்த நாட்களில் பூச்சிமருந்து அடித்தால் குளவியும் போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் துண்டை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பஞ்சால் அடைத்து வையுங்கள். வெளிவரும் குளவிகளைச் சுத்தமான ஆல்கஹாலில் போட்டு வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்தால், சந்தேகம் வரும்போது சோதனைக்கு அனுப்பலாம். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு துண்டு இல்லை. அதனால் அவர் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை.