மொழியை மீட்பவர் யார்?



பேசுவோர் எவருமின்றி நூறாண்டுகளுக்கு மேல் கிடந்த மொழியொன்று மீண்டும் வாய்மொழியாதல் கூடுமோ? கூடும் என்பதற்கு அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் கரையோரத்தில் வாழும் வாம்பனோக் மக்களே சான்று.

அவர்தம் மொழியில் 1663ஆம் ஆண்டில் வேதாகமம் முழுவதும் அச்சேறிற்று. அம்மக்களுட் கற்றோரின் துணைகொண்டு அதனை மொழிபெயர்த்தவர் ஜோன் எலியற் என்னும் பாதிரியார். மதம் பரப்ப வந்த எழுத்தை மக்கள் தம் தேவைக்குக் கைக்கொண்டனர். காணி உறுதி, மரணசாதனம், முறையீட்டு மனு ஆகியவற்றைத் தாய்மொழியிலேயே எழுதினர். பின்னர் காணிகள் பறிபோயின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பேச்சும் அற்றது. காணியைக் காக்கமாட்டாத அந்தக் காகிதங்களே மொழியைக் காத்தன!

1988ஆம் ஆண்டில் அய்வ்ஸ் கொடாட், கத்லீன் பிராக்டன் என்னும் அறிஞர் இருவர் அவ்வாவணங்களை மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தனர். 1993இல் வாம்பனோக் பெண்மணியாகிய ஜெசி லிற்றில் டோ பெயட் மொழி மீட்புப் பணியைத் தொடங்கினார். மசாச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பேராசிரியர் கென்னத் ஹேலுடன் உழைத்து, 2000ஆம் ஆண்டில் மொழியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். பழைய எழுத்து ஒலியைத் தெளிவாகக் காட்டாதவிடத்து, அதன் இனமொழிகளோடு ஒப்பிட்டு ஒலியை உய்த்துணர்ந்தனர், இலக்கணத்தை வகுத்தனர், அகராதிக்கு அடியிட்டனர்.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். மொழியியலாளர் இவ்வழக்கில் நிபுணர் சாட்சி. அவரின்றி வழக்குத் தோற்றுப்போகலாம். எனினும் வழக்காளி அவரல்லர், அம்மக்களே வழக்காளிகள். மொழி அவர்தம் முதுசொம். அதனை யாருக்குக் கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என முடிவுசெய்யும் உரிமையும் அவர்களுடையதே.

இலக்கண நூல் குழந்தையைத் தாலாட்டாது. பெயட் அம்மையார் தம் மகளைப் பிறப்புமுதல் அம்மொழியிலேயே வளர்த்தார். பல தலைமுறைகளின் பின் அதனைத் தாய்மொழியாகப் பெற்ற முதற் குழந்தை அவளே. ஏட்டிற் கிடந்தது வீட்டிற்கு வந்தது அன்றுதான்.

ஆனால் அன்பர்களே, எழுதிவைத்த ஆவணம் இல்லாத மொழிகள் உலகிற் பல. அவற்றுக்கு இந்த வழியும் இல்லை. எனவே இறுதி முதியவர் கண்மூடுமுன் அறிஞர் அங்கே செல்லல் வேண்டும். அரசுகள் பள்ளிக்கூடத்தில் இடமளித்தல் வேண்டும். பெற்றோர் வீட்டிற் பேசுதல் வேண்டும். இம்மூன்றனுள் இறுதியானது இல்லையேல் முன்னிரண்டும் வீணே.

அறிஞரைப் போற்றுவோம். ஆயினும் நம் கடமையை அவர் தலையிற் சுமத்திவிட்டு உறங்காதிருப்போம்!