உம்மாவிடம் கேட்டீர்களா?



அச்சுவேலியில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். உம்மாவின் மார்பில் சிறு கட்டியொன்று. ஊசி மூலம் இழையம் எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் என உறுதியாகிவிட்டது. ஆயினும் ஆரம்ப நிலை. பரவியதற்கான அறிகுறி இல்லை. மார்பகம் முழுவதையும் அகற்றலாம், அல்லது கட்டியையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை பெறலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்கின்றார் வைத்தியர். அன்றிரவு வாப்பாவும் மாமாவும் மூத்த மகனும் விறாந்தையில் அமர்ந்து, "முழுவதையும் எடுத்துவிட்டால் பயமில்லை" என்று முடிவு செய்கின்றனர். உம்மா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கின்றார்.

முழுவதையும் எடுத்தால் ஆயுள் கூடும் என்ற எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் சேர்த்தே அகற்றினார். பல தசாப்தங்கள் உலகம் அவரைப் பின்பற்றியது. 1970களில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் வெரோனேசியும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். இருபது ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்து, 2002இல் இருவரும் முடிவுகளை வெளியிட்டனர். மார்பகத்தைக் காத்துச் சிகிச்சை பெற்றவர்களும் முழுவதையும் இழந்தவர்களும் உயிர்வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. வெரோனேசியின் ஆய்வில் பங்குபற்றிய 701 பெண்களுள், மார்பகம் காக்கப்பட்ட பிரிவில் 30 பேருக்கு அதே மார்பில் நோய் மீண்டது. முழுவதும் அகற்றப்பட்ட பிரிவில் அவ்விடத்தில் மீண்டது 8 பேருக்கே. ஃபிஷரின் ஆய்விலோ, கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை பெறாதவர்களுள் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. பெற்றவர்களுள் 14 பேருக்கே. ஆகவே மார்பகத்தைக் காக்க விரும்புபவர், கதிர்ச் சிகிச்சையை இடையில் நிறுத்தாது முடிக்க வேண்டும்.

இதனால் தூரமும் துணையும் இம்முடிவில் பங்கு கொள்கின்றன. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து நோயாளிக்கு மகரகம எத்தனை தொலைவாக இருந்தது என்பதை மூத்தோர் அறிவர். 2011 ஜூலையில் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்த பணம் அது. அச்சுவேலிக்குத் தெல்லிப்பழை வெகு தூரமன்று. கதிர்ச் சிகிச்சை இப்போது பெரும்பாலும் மூன்று வாரங்கள், வார நாட்களில் நாளுக்கொரு முறை என்றே அளிக்கப்படுகின்றது. அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே.

அந்த ஒருவர் இல்லாத வீடுகளும் உண்டு. 1990 ஒக்டோபரில் நாம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட பின்னர் நம் குடும்பங்கள் பல புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. மகளோ தங்கையோ அருகில்லாத ஓர் உம்மா, "எனக்கு ஒரே தடவையில் முடியட்டும்" என்று கூறினால் அதுவும் நியாயமான தெரிவே. நோய் திரும்பிவிடுமோ என்று ஒவ்வோர் இரவும் அஞ்சுபவருக்கும் அவ்வாறே. ஒரே மார்பில் பல இடங்களில் நோய் இருப்பின், அல்லது முன்னரே அம்மார்பு கதிர்ச் சிகிச்சை பெற்றிருப்பின், வைத்தியரே முழுவதையும் அகற்றக் கூறலாம். ஆனால் முழுவதும் அகற்றினால் வேறு மருந்து வேண்டியதில்லை என்று எண்ணாதீர்கள். கட்டியின் தன்மையும் அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலையுமே மருந்தைத் தீர்மானிக்கின்றன. ஹோர்மோன் ஏற்பி உள்ள கட்டியாயின் டமொக்சிஃபென் போன்ற மாத்திரையை ஐந்து ஆண்டுகளேனும் உட்கொள்ள நேரும். மார்பகம் காக்கப்பட்டாலும் அகற்றப்பட்டாலும் அது பொருந்தும்.

மருந்து செய்வது தவக்குலுக்கு முரணன்று. நோய்க்கு மருந்தும் இறக்கப்பட்டுள்ளது என்பதே நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. ஓதிப் பார்ப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்காகச் சத்திரசிகிச்சைத் திகதியை மாதக்கணக்கில் தள்ளிப்போடுதல் ஆபத்தாகும். யோசிக்கச் சில வாரங்கள் உண்டு, மாதங்கள் இல்லை. ஆண் வைத்தியர் பரிசோதிப்பதில் கூச்சமிருப்பின், பெண் தாதியொருவர் உடனிருக்கக் கேளுங்கள். கேட்பதில் குறையொன்றுமில்லை.

இளைஞர்களே! பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் நீங்களாக இருப்பீர்கள். பயந்துவிடுவார் என்றெண்ணிப் பாதியை விழுங்கிவிடாதீர்கள். கட்டியின் அளவு என்ன, கணுக்களுக்குப் பரவியுள்ளதா, ஹோர்மோன் ஏற்பி உண்டா என்ற மூன்றையும் தமிழில் எழுதி உம்மாவின் கையிலேயே கொடுங்கள். அடுத்த தவணையில் வைத்தியருக்கு எதிரேயுள்ள கதிரையில் அவரை அமரச் செய்து, வாப்பாவும் நீங்களும் பின்னால் நில்லுங்கள்.