எலிக்காய்ச்சலும் புற்றுமண்ணும்

(சங்கரன்கோவில் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு மூத்திரத்தைப் பற்றியும் எலியைப் பற்றியும் பேசப் போகின்றோம் என்று தெரிந்தவுடன் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். சிரிக்கட்டும். ஒரு நாள் முழுதும் மூத்திரம் இறங்காவிட்டால் அல்லவா தெரியும், அது சிரிப்புக்குரிய விஷயமா உயிருக்குரிய விஷயமா என்று! பெரியார் அவர்கள் தம் கடைசிக் காலத்தில் அந்த உபாதையினால் குழாயோடும் பையோடுமே ஊர் ஊராகப் போய் மேடை ஏறினார். அதற்காக அவர் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். 24-12-1973இல் அங்கேயே முடிவெய்தினார்.

நிற்க, நாம் சொல்ல வந்தது எலிக்காய்ச்சல் என்னும் வியாதி. டாக்டர்கள் இதற்கு லெப்டோஸ்பைரோசிஸ் என்று பெயரிட்டிருக்கின்றார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை. கிருமி உடம்பில் நுழையாமல் இருந்தால் போதும். இந்தக் கிருமி குடியிருக்கும் இடம் எலியின் சிறுநீரகம். அதனால் எலிக்குச் சாதாரணமாக யாதொரு கஷ்டமும் இல்லை. அது பாட்டுக்குத் தின்று, ஓடி, போகிற இடமெல்லாம் மூத்திரம் பெய்கின்றது. அதன் வழியே வெளியேறும் கிருமி சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் பல நாள், சில சமயம் பல வாரம்கூட உயிரோடிருக்கும். அந்தச் சேற்றில் ஒருவன் வெறுங்காலோடு இறங்கினால், காலில் உள்ள வெடிப்பு, புண், சிராய்ப்பு இவைகளே அதற்கு வாசல். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் காணும். தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்காலைத் தொட்டால் அலறும்படியான சதைவலி உண்டாகும். பலருக்கு அத்தோடு தீர்ந்துவிடுகின்றது. சிலருக்கோ காமாலை கண்டு, மூத்திரம் குறைந்து, சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். நுரையீரலில் இரத்தம் கசிந்து சாகிறவர்களும் உண்டு.

இதை யாராவது ஞானதிருஷ்டியால் கண்டுபிடித்தார்களா என்றால் இல்லை. 1886இல் ஜெர்மனி தேசத்து அடால்ப் வைல் என்னும் வைத்தியர் இந்தக் காய்ச்சல் வேறு, மற்றக் காமாலைகள் வேறு என்று பிரித்துக் காட்டினார். 1907இல் அமெரிக்காவில் ஸ்டிம்சன் என்பவர், மஞ்சள் காய்ச்சலால் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது, நுனி வளைந்த, சுருள் சுருளான ஒரு கிருமியைக் கண்டார். அது பார்வைக்குக் கேள்விக்குறி மாதிரி இருந்ததால், கேட்பது என்று பொருள்படும் பெயரையே அதற்கு வைத்தார். நம் இயக்கத்தாருக்கு ஏற்ற கிருமிதான் போங்கள்! 1915 வாக்கில் ஜப்பானில் இனாடாவும் ஈடோவும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளைக் கொன்று வந்த காய்ச்சலுக்கு இந்த இனமே காரணமென்று நிரூபித்தார்கள். எலியின் சிறுநீரகத்தில் அது குடியிருப்பதும் அதன் பிறகு வெளியாயிற்று.

அதே ஜப்பானியரான நோகுச்சி என்னும் பெரிய விஞ்ஞானியே லெப்டோஸ்பைரா என்ற பெயரைக் கொடுத்தவர். ஆனால் அவர் மஞ்சள் காய்ச்சலுக்கும் இந்த இனக் கிருமிதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அது தப்பு. தப்பென்று மற்ற விஞ்ஞானிகளே சோதனை செய்து காட்டினார்கள். அவரும் ஆப்பிரிக்காவில் அக்ராவுக்குப் போய் அதையே ஆராய்ந்துகொண்டிருக்கும்போது 1928இல் மஞ்சள் காய்ச்சல் கண்டே இறந்தார். அவர் பெரியவர் என்பதற்காக அவர் தப்பை யாரும் வேதமாக்கி வைத்துக்கொள்ளவில்லை.

நம் தேசத்துக் கதைக்கு வருவோம். அந்தமானில் டெயிலர், கோயல் என்ற இருவர் இவ்வியாதியை ஆராய்ந்து 1931இல் வெளியிட்டார்கள். பிறகு அது மறந்தே போயிற்று. 1988 முதல் அதே தீவுகளில் இரத்தம் கக்கிச் சாகும் ஒரு காய்ச்சல் தோன்றியபோது, காரணம் புரியாமல் அதற்கு "அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்" என்று பெயர் வைத்தார்கள். 1993இல் மறுபடியும் கிளம்பியபோது போர்ட் பிளேயரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தார் சோதித்து, இது பழைய எலிக்காய்ச்சலேதான் என்று கண்டார்கள். அறுபது வருஷத்துக்கு முன் எழுதி வைத்ததை மறந்ததற்கு எத்தனை உயிர் கூலி!

உலகம் முழுவதிலும் வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் பேருக்கு இது கண்டு, சுமார் 59,000 பேர் சாகின்றார்கள் என்று 2015இல் வெளியான ஒரு கணக்குச் சொல்லுகின்றது. அவர்கள் யார்? கரும்பு வெட்டுகிறவன், நாற்று நடுகிறவள், மாடு மேய்க்கிறவன், சாக்கடை அள்ளுகிறவன். எலி ஜாதி பார்ப்பதில்லை. ஆனால் சாக்கடைக்குள் யார் இறங்குவது என்பதை ஜாதி பார்த்துத்தானே வைத்திருக்கின்றோம்? மனிதன் மலம் அள்ளக் கூடாது என்று 1993இலும் 2013இலும் சட்டம் செய்தாயிற்று. அப்படியிருந்தும் முழங்கால் பூட்சும் கையுறையும் இல்லாமல் சாக்கடையில் நிற்கும் தோழர்களை நாம் பார்க்கவில்லையா? அவர்களுக்குப் பூட்ஸ் வாங்கக் காசில்லை என்கின்றார்கள். தேருக்கு வடம் வாங்க மாத்திரம் காசு எங்கிருந்து வருகின்றது?

இனி நம் ஊர்ப் பக்கத்து வைத்தியத்தைப் பாருங்கள். கண் மஞ்சளித்தால் உடனே மந்திரிக்கப் போகின்றோம். சுண்ணாம்புத் தண்ணீரில் கையைக் கழுவி, தண்ணீர் மஞ்சளானதும் வியாதி இறங்கிவிட்டதென்று காணிக்கை கொடுத்துவிட்டு வருகின்றோம். சூடு போடுவதும் உண்டு. காமாலை என்பது ஒரே வியாதியல்ல, பல வியாதிகளின் அடையாளம் என்பதை மந்திரிப்பவர் அறியார். எலிக்காய்ச்சலில் நான்கு நாள் தாமதம் என்பது சிறுநீரகத்தின் நான்கு நாள். ஆரம்பத்திலேயே போனால் டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற சாதாரண மருந்துகளே போதும். மூத்திரம் நின்றுபோனவனையும் சிறிது காலம் டயாலிசிஸ் யந்திரத்தில் வைத்துக் காப்பாற்றினால், அநேகருக்குச் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யத் தொடங்குகின்றது. நீரிழிவினால் கெட்ட சிறுநீரகத்துக்கு இப்படிப்பட்ட யோகம் கிடையாது. அதனால்தான் இந்த வியாதியில் ஒருவன் செத்தால் நமக்கு இரட்டை வருத்தம்.

இந்த ஊருக்கு வந்து புற்றுமண்ணைப் பற்றிப் பேசாமல் போனால் நம்மைக் கோழை என்பீர்கள். ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் இடுகின்றார்கள், உடம்பில் பூசுகின்றார்கள், வாயிலும் போட்டுக்கொள்கின்றார்கள். அந்த மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கின்றது என்று நாம் சொல்ல வரவில்லை. சோதிக்காமல் சொல்வது நம் வழக்கமல்ல. ஆனால் சகல வியாதியும் தீரும் என்கிறவர்கள் மாத்திரம் சோதித்தார்களா? நெற்றியில் இடுவதோடு நின்றால் நமக்குச் சண்டையில்லை. திறந்த புண்ணில் எந்த மண்ணைப் பூசினாலும் ஆபத்து. இரணஜன்னி மண்ணிலிருந்துதான் வருகின்றது. வெள்ளியில் பாம்பு செய்து உண்டியலில் போடுகிறவர்களும், கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் கெடும் என்பதைத் தெரிந்துகொண்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதே நல்லது.

இன்னொரு சங்கதி. இந்தக் கிருமிக்கு எலி மாத்திரம் வீடல்ல. ஆடு, மாடு, பன்றி, நாய் இவைகளின் சிறுநீரகத்திலும் அது தங்கும். மாட்டுக்குக் கன்று விழுவதற்கும் இது ஒரு காரணம். அப்படியிருக்க, கோமூத்திரத்தைப் புனிதமென்று குடிக்கச் சொல்லுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் செய்து 2023இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான மாட்டின் புது மூத்திரத்திலும் தீங்கு செய்யும் கிருமிகள் பதினான்கு வகைக்குக் குறையாமல் இருந்தன. அது மனிதன் குடிக்கத் தக்கதல்ல என்று எழுதினார்கள். அதே ஆய்வில் சில கிருமிகளை அடக்குவதில் பசுவைவிட எருமை மூத்திரம் தேவலை என்று கண்டார்களாம்! யமனுக்கு வாகனமானதால் எருமைக்குப் பாவம் அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை. தோழர்கள் இதைக் கேட்டு எருமையைத் தேடிப் போய்விடாதீர்கள். இரண்டும் வேண்டாம்.

விவசாயத் தோழர்கள் என்ன செய்வது? ஐப்பசி கார்த்திகையில் மழை இறங்கிக் குளம் நிறையும் காலமே இதற்குக் காலம். காலில் புண்ணிருந்தால் கட்டிக்கொண்டு இறங்குங்கள்; முடிந்தால் பூட்ஸ் போடுங்கள்; கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தானியத்தையும் குடிதண்ணீரையும் மூடி வையுங்கள். எலியை விநாயகர் வாகனமென்று விட்டுவைக்காதீர்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். 2018 வெள்ளத்தின்போது கேரள சர்க்கார் தண்ணீரில் வேலை செய்தவர்களுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தார்கள். அம்மாதிரி வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாக வாங்கித் தின்னக் கூடாது. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனால், எத்தனை நாளாய்க் காய்ச்சல் என்பதோடு, எந்தச் சேற்றில் நின்றீர்கள், என்ன வேலை செய்தீர்கள், மூத்திரம் எவ்வளவு போகின்றது என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது. வெளியூர்த் தோழர்கள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பின்வரிசையில் ஒரு பெரியவர் வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கின்றார். அவரும் மற்றவர்களும் தாராளமாக எழுந்து கேட்கலாம். தெரிந்ததற்குப் பதில் சொல்லுகின்றோம்.