தட்டைச் சாய்த்தால் கேட்கும் குரல்

வீட்டுக் கூரையிலுள்ள ஆஸ்ட்ரோ தட்டு ஏறத்தாழ உச்சி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பினாங்கில் ஒரு ஹாம் வானொலி ஆர்வலர் தம் தட்டை மேற்கே அடிவானத்துக்குச் சாய்த்தால், அக்கம்பக்கத்தார் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அங்கேதான், சுமார் 7 பாகை உயரத்தில், 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோள் நிற்கிறது. அமெச்சூர் வானொலியாளர்களுக்கென்றே அதில் ஓர் அலைமாற்றி உண்டு. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பவர்கள் அதன் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அது அனுப்பும் 10,489 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தட்டின் முனையிலுள்ள எல்என்பி சுமார் 739க்கு இறக்கித் தரும். மீதி வேலை விரல் அளவு யூஎஸ்பி குச்சிக்கு. கணினியில் தொலைக்காட்சி பார்க்கச் செய்த மலிவுப் பொருள் அது. வானொலியாகவும் உதவும் என்பது 2012இல்தான் பரவலாகத் தெரியவந்தது. பழைய வானொலிப் பெட்டியில் கம்பிச் சுருளும் மின்தேக்கியும் நிலையத்தைப் பிரித்தெடுத்தன. இங்கே குச்சி அலையை எண்களாக்கிக் கொடுத்துவிடும். பிரிப்பதும் குரலாக்குவதும் கணினி போடும் கணக்கு. திரையில் அலைகள் அருவிபோல் கோடு கோடாக இறங்கும். வேண்டிய கோட்டைச் சொடுக்கினால் ஆள் பேசுவார்!

ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு ஒரு சங்கடம்: மேற்கே 833 மீட்டர் கொடிமலை. எந்த மென்பொருளும் மலையைக் கழித்துவிடாது. தீவின் மறுபுறம், பாலிக் புலாவ் கடற்கரைப் பக்கம் போனால் வானம் திறந்திருக்கும். பதிலுக்குப் பேச வேண்டுமா? அதற்குத் தேர்வெழுதி உரிமம் வாங்கியாக வேண்டும்.