கைத்திரையும் மேசைத்திரையும்

(ஆண்டு விழாவில் சங்கத்தின் இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

கைப்பேசிக்கும் மேசைக் கணினிக்கும் ஒருங்கே பொருந்துமாறு செயலியின் முகப்பை அமைப்பது எவ்வாறு என்பதே இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதை எங்களுக்குக் கற்பித்தது எங்கள் பிழையே.

சென்ற ஆண்டு விழா விருந்துக்குப் பெயர் பதியும் பொறுப்பைச் சங்கம் எங்களிடம் ஒப்படைத்தது. அகன்ற கணினித் திரையின் முன் அமர்ந்து இணையப் படிவம் ஒன்றை அமைத்தோம். பெயர் இடப்புறம், முகவரி நடுவில், 'பதிவு செய்க' என்னும் பொத்தான் வலக்கோடியில். கண்டோர் பாராட்டினர், நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் விழாவன்று நம் காலனியின் மூத்த அன்னையார் ஒருவரைக் காணவில்லை. மறுநாள் அவர் இல்லம் சென்று கேட்டோம்.

"மூன்று நாள் முயன்றேன், பிள்ளைகளே. பெயரை எழுதினேன், அனுப்பும் இடம் கண்ணில் படவில்லை. பட்டியலில் பெயரில்லாதவள் பந்தியில் எவ்வாறு அமர்வேன்?" என்றார்.

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தோம். பொத்தான் திரைக்கு அப்பால் மறைந்து கிடந்தது. படிவத்தின் அகலத்தை 1200 பிக்சல் என்று நாங்கள் இறுக்கிக் கட்டியிருந்தோம். கைப்பேசிகள் பலவற்றின் அகலமோ, வடிவமைப்புக் கணக்கில், 360 முதல் 430 பிக்சலே. தலைகுனிந்து நின்றோம்.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது இணையப் பக்கங்கள் பெரும்பாலும் மேசைக் கணினிக்கென்றே அமைந்திருந்தன. எனவே அதன் உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் 980 பிக்சல் அகலமுடையதாகக் கொண்டு, சுருக்கிக் காட்டியது, எழுத்துகள் எறும்பாயின. சிலர் கைப்பேசிக்கெனத் தனித்தளம் அமைத்தனர், வேலை இரட்டித்தது. 2010 மே திங்களில் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் ஒரு வழி கூறினார். பத்திகளின் அகலத்தை விகிதத்தால் அளத்தல், படங்கள் தம் கட்டத்துக்கேற்பச் சுருங்குதல், திரையின் அகலம் அறிந்து அமைப்பை மாற்றும் நிபந்தனை விதி ஆகிய மூன்றுமே அவ்வழி. அதற்கு அவர் இட்ட பெயர் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்பது.

விருந்து பரிமாறும் நம் தாய்மார்களுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். பெருமண்டபமாயின் நான்கு வரிசையாக இலை விரிப்பர். குறுகிய தாழ்வாரமாயின் ஒரே வரிசையாக விரிப்பர். வரிசை மாறுமேயன்றி, இலையில் விழும் உணவு குறைவதில்லை.

அவ்வண்ணமே படிவத்தை மீண்டும் அமைத்தோம். முதலில் சிறு திரைக்கு ஒற்றைப் பத்தி. திரை அகன்றால் இரண்டு பத்தி. சுட்டெலியின் முனை கூரியது. விரல் நுனி அகன்றது. ஆதலின் பொத்தான் 44 புள்ளிக்குக் குறையலாகாது என்னும் ஆப்பிள் நிறுவனத்தின் அறிவுரையைக் கைக்கொண்டோம். சுட்டெலியை மேலே கொண்டுசென்றால் மட்டுமே தோன்றும் குறிப்புகளை நீக்கினோம். விரலுக்கு அவ்வசதி இல்லை.

தமிழுக்கெனவும் ஒரு கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கும் பொத்தான் தமிழில் இரு சொல்லாக நீளும். பெட்டியின் அளவை இறுக்கினால் சொல் அறுபடும். பார்வை குன்றிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்கியே படிப்பர். எழுத்தை இருமடங்காக்கினும் எதுவும் மறையலாகாது என்றும், 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்றும், உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறி 2018ஆம் ஆண்டின் பதிப்பில் வகுத்துள்ளது. அதையே அளவுகோலாகக் கொண்டோம்.

கணினியில் சாளரத்தைக் குறுக்கிப் பார்த்ததோடு இம்முறை அமையவில்லை. காலனியின் பழைய கைப்பேசிகளை இரவல் வாங்கிச் சோதித்தோம். இறுதியாக அவ்வன்னையாரிடமே கொடுத்தோம். எங்கள் துணையின்றி அவர் தம் பெயரைப் பதிந்தார். இவ்வாண்டுப் பட்டியலில் முதற்பெயர் அவருடையதே. இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இளைஞர்களே! நாளை நீங்கள் எதை அமைப்பினும், உங்கள் மேசையிலுள்ள பெரிய திரையை நம்பிவிடாதீர்கள். நம் வீட்டு முதியோரின் கையிலுள்ள சிறிய திரையில் முதலில் அது செவ்வனே இயங்கட்டும்.